காகிதச் சம்பளமும் கைச் சம்பளமும்



பெரிய தத்துவங்களை எழுதுவதற்கு வேண்டிய படிப்பு எனக்கு இல்லை. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம். காலையிலும் மாலையிலும் மதரஸாவில் ஓதல். என் கல்வி இத்துடன் முற்றிற்று. கேமரன் மலையில் ரிங்லெட் பகுதியில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையும், அதை ஒட்டி ஒரு மளிகைச் சாமான் கடையும் வைத்துப் பிழைத்து வருகிறேன். ஆயினும் ஒரு கேள்வி பல நாட்களாக என்னை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது. நம் சங்கத்தவரில் பெரும்பாலோர் ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள். வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைத்து, அவனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர்கள். ஆகையால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

கேள்வி இதுதான்: இரண்டு பேர் மனமொத்துச் சம்மதித்த ஒரு காரியத்தில் அநியாயம் இருக்கக்கூடுமா?

இதைக் கிளப்பிவிட்டவர் பிரிஞ்சாங்கில் இரண்டு கடை நடத்தும் என் நண்பர். மஃரிபு தொழுதுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். மலையில் மழை பிடித்துக் கொண்ட நேரம், கடையில் கூட்டமில்லை. நண்பர் ஒரு காகித உறையோடு வந்தார். அவருக்குத் தலைமைச் சமையற்காரர் ஒருவர் வேண்டுமாம். என் ஊர்ப் பையன் ஒருவன் சென்னையில் பெரிய ஓட்டலில் இருக்கிறான்; கைத்திறமை உள்ளவன். அவனை நிபுணர்களுக்குரிய வேலைப் பாஸில் கொண்டுவர நண்பர் தீர்மானித்துவிட்டார். அவர் தொழில் சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாகப் பதிவானது; மூலதனமும் காட்டியிருக்கிறார். என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரனுக்கு அந்த வாசல் திறவாது.

மேற்படி பாஸுக்குச் சம்பள வரம்பு உண்டென்பது நீங்கள் அறிந்ததே. 2017 முதல் நடந்துவந்த முறையில் முதற் பிரிவுக்கு மாதம் 10,000 வெள்ளி, இரண்டாம் பிரிவுக்கு 5,000, மூன்றாம் பிரிவுக்கு 3,000 என்று அடிமட்டம் வைத்திருந்தார்கள். 2026 ஜூன் 1 முதல் இவை முறையே 20,000, 10,000, 5,000 என்று அரசாங்கத்தார் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த பிறகுதான் நண்பர் என்னிடம் வந்தார். "பேப்பரில் 5,000 போடுவேன். பேங்கிலும் 5,000 போடுவேன். பையன் 2,800ஐ எடுத்து என் கையில் கொடுத்துவிட வேண்டும். அவனுக்கு 2,200, சாப்பாடு, படுக்கை. அவனிடம் பேசிவிட்டேன், சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். அவன் அத்தாவுக்குத்தான் பயம். நீங்கள் அந்த ஊர், போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று ஒரு சந்தேகம். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

நண்பர் கெட்டவரல்லர். அவர் பேசிய நியாயங்களை நான் அலட்சியமாகத் தள்ளவுமில்லை. "5,000 என்பது அரசாங்கம் போட்ட எண், அடுப்படியில் நிற்கிறவனுக்கு இந்த மலையில் யார் 5,000 கொடுக்கிறார்கள்? ரொட்டி சானாய் விற்றுக் கொடுக்க முடியுமா?" என்றார். முடியாதென்பது எனக்கும் தெரியும். "அவனுக்கு ஊரில் கிடைப்பதைவிட இது அதிகந்தானே? அவனுக்கு நஷ்டமில்லை, எனக்கு நஷ்டமில்லை, யாருடைய பையில் நாம் கைவிட்டோம்?" என்றார். இதுவும் எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல. "திருப்பித் தருகிற 2,800ஐ அவன் எனக்குத் தருகிற அன்பளிப்பாக வைத்துக்கொள்ளுங்களேன்" என்று கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மூஸா நபி அவர்கள் மத்யன் நகரத்தில் ஒரு பெரியவரிடம் கூலிக்கு அமர்ந்த வரலாற்றை நாமெல்லோரும் ஓதியிருக்கிறோம். பெரியவர் எட்டு ஆண்டு வேலையை ஒப்பந்தமாகக் கேட்டார். பத்தாகப் பூர்த்தி செய்தால் அது உம்முடைய விருப்பம் என்று மேல் இரண்டு ஆண்டை ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்தார். உமக்குச் சிரமம் கொடுக்க நாடவில்லை என்றும் சொன்னார். கடமை எது, மனமுவந்து செய்வது எது என்று அங்கே இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. வேலைக்குச் சேருமுன்பே பேசி முடித்து, கொடாவிட்டால் வேலையே கிடையாது என்று வாங்குகிற பணத்துக்கு அன்பளிப்பென்று பெயர் வைத்தால் பெயர்தான் கெடும்.

நிற்க. சம்மதம் என்னும் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நாம் வியாபாரிகள், சம்மதம் நமக்குப் புதிதல்ல, அன்றாடம் அதில்தான் நம் பிழைப்பு. ஒருவர் கடைக்கு வந்து துணியை எடுத்துப் பார்க்கிறார், விலை கேட்கிறார், கட்டாதென்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறார். வாங்குகிறவனும் விற்கிறவனும் அந்த இடத்தை விட்டுப் பிரியும்வரை பேரத்தைக் கைவிட இருவருக்கும் உரிமை உண்டு என்பது நம் சட்ட நூல்களில் உள்ள பாடம். வைத்துவிட்டுப் போகக் கூடியவன் சொல்லும் 'சரி'க்குத்தான் சம்மதம் என்று பெயர்.

பாஸில் வந்தவன் கதை என்ன? அவன் பாஸில் ஒரு முதலாளியின் பெயர் இருக்கிறது. அந்த முதலாளியைப் பிடிக்கவில்லையென்று எதிர்க்கடைக்குப் போய் நிற்க முடியாது. முதலாளி ரத்து செய்தால் பாஸ் போயிற்று. பாஸ் போனால் நாட்டில் இருக்க வழியில்லை. ஊரில் நகையை வைத்துக் கடன் வாங்கி விமானம் ஏறியிருப்பான். துணியைக் கையில் எடுத்துவிட்டான். கடைவாசல் வெளியே பூட்டியிருக்கிறது. இனி நீங்கள் என்ன விலை சொன்னாலும் 'சரி' என்றுதான் சொல்லுவான். அந்தச் 'சரி'யை நாம் சம்மதமென்று கணக்கில் வரவு வைக்கிறோம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2002இல் இந்நாட்டுக்கு வந்தபோது எனக்கு வயது இருபது. கீழ்நாட்டில் ஒரு பட்டணத்தில், பெயர் வேண்டாம், ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவினேன். பிறகு தே தாரிக் ஆற்றினேன். ஒப்பந்தக் காகிதத்தில் ஒரு தொகை. கையில் வந்தது அதில் பாதிக்குச் சற்று மேல். மாதக் கடைசியில் முதலாளி ஒரு நோட்டை நீட்டுவார். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். பணம் குறைந்ததற்காக நான் அதிகம் வருந்தவில்லை. அந்த வயதில் அதுவே பெரிய பணமாயிருந்தது, ஊருக்கு அனுப்பினேன், தங்கை கலியாணம் நடந்தது. அந்தக் கையெழுத்துத்தான் உறுத்திற்று. என் பெயரை எழுத எனக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார், எழுத்து அழகாக வரும்வரை பலகையில் திரும்பத் திரும்ப எழுத வைத்தவர். அந்த எழுத்தைக் கொண்டு மாதந்தோறும் பொய் எழுதினேன். மூன்றாம் வருஷம் ஒரு தகராறு வந்து நியாயம் கேட்கலாமென்று போனபோது, அங்கிருந்தவர் என்னிடம் அந்த நோட்டைத் திருப்பிக் காட்டினார். முப்பது இடத்தில் என் கையெழுத்து. நான் என்ன பேச முடியும்?

குறைத்துக் கொடுப்பது ஒரு பாவம். வாங்குகிறவனையும் அந்தப் பொய்யில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது அதற்கு மேற்பட்டது. பிறகு அவன் எங்கும் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் தானும் பொய்யன் என்று சொல்ல வேண்டும். என் நண்பருடைய ஏற்பாட்டில் இன்னும் ஒரு வினோதம் இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் அந்தப் பையன் 5,000 வெள்ளிச் சம்பளக்காரன். இந்நாட்டில் குடியிருப்பவன் என்ற கணக்கில் சேராத வெளிநாட்டானுக்கு வரி நூற்றுக்கு முப்பது வீதம். 182 நாள் பூர்த்தியானால்தான் சாதாரண வீதம் கிட்டும். 2025 அக்டோபர் முதல் சேமநிதிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி பங்கு இரண்டு வீதம் பிடிக்க வேண்டும். வாங்காத பணத்துக்கு வரியும் அவன் பெயரில், சந்தாவும் அவன் பெயரில்!

இனி அரசாங்கம் போட்ட எண்ணைப் பற்றி. நம் மலையில் இது புதுக்கதை அல்ல. 1885இல் சர்வேயர் வில்லியம் கேமரன் இந்த மலைப் பீடபூமியைக் கண்டு சொன்னார். 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டிக் கொழுந்து நட்டவர்களில் நம் தமிழ் ஜனங்கள் ஏராளம். அக்காலத்தில் தென்னிந்தியத் தோட்டக் கூலிகளுக்கு அரசாங்கமே நிர்ணயக் கூலி என்று ஒன்று வைத்திருந்தது. 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள ஜில்லாக்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் விலைவாசி சரிந்ததும் அந்தக் கூலியை மளமளவென்று வெட்டினார்கள். சீனிவாச சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து விசாரித்து, 1937இல் அறிக்கை எழுதினார். பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டுமென்றார். 1938இல் இந்திய சர்க்கார் உதவி பெற்றுக் கூலியாக வருவதையே நிறுத்திவிட்டது.

இதற்கு மேல் அதிகமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று முதலாளிகள் பிடித்துக்கொண்ட எண்ணாகவே அந்த நிர்ணயக் கூலி பெரும்பாலும் நடந்தது. ஆளைச் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிக்குத் தலைக்காசு வேறு. இன்றைய ஏஜெண்டுக்குக் கங்காணி என்று பெயரில்லை, அவ்வளவே.

பிறகு 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953இல் அமலுக்கு வந்தது. கப்பலில் ஏறி வந்து இறங்கிய காலம் போயிற்று; வேலை உறுதியும் சம்பள உறுதியும் உள்ளவனே வரலாம் என்றாயிற்று. நம் கடைகளுக்கு மைத்துனனையும் மருமகனையும் வரவழைத்த பெரியவர்கள் அந்தக் காலத்தில் பட்ட சங்கடம் கொஞ்சமல்ல. கடைச் சிப்பந்திக்குப் பெரிய சம்பளம் எழுதிக் காட்டும் சாமர்த்தியம் அப்போதே தொடங்கியிருக்குமென்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஏடில்லை.

வெளிநாடுகளிலும் இந்தச் சம்பள வரம்பு ஏறிக்கொண்டே போகிறது. பிரிட்டனில் திறமைத் தொழிலாளர் விசாவுக்குப் பொது வரம்பு 26,200 பவுனாக இருந்தது. 2024 ஏப்ரலில் 38,700. 2025 ஜூலையில் 41,700. பக்கத்துச் சிங்கப்பூரில் நிபுணர் பாஸுக்குப் புதிய மனுதாரருக்கு 2025 ஜனவரியிலிருந்து 5,600 சிங்கப்பூர் வெள்ளி. இந்த எண் எதற்கு? வெளியூரானை உயர்த்துவதற்காக அல்ல. அதில் எனக்கு மயக்கமில்லை. உள்ளூர்க்காரனை மலிவாக வந்தவன் தள்ளிவிடக் கூடாதென்பதற்காக. 'இந்த ஆள் எனக்கு அவசியம் வேண்டும், 5,000 கொடுத்தாவது வேண்டும்' என்று முதலாளி சொல்லும் சொல்லுக்கு அந்த எண் சாட்சி. 2,200க்குத்தான் வேண்டும் என்றால், சொன்னது பொய்ச் சாட்சி. ஆகவே, இருவர் சம்மதம் என்று நண்பர் சொன்னாரே, அந்த இடத்தில் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை.

சட்டம் முழுக்க நியாயமென்று நான் வாதாட வரவில்லை. என் மளிகைக் கடையில் பற்று வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் வேலை செய்யும் வங்காள தேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். பழைய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். வந்தவர்கள் கத்தரியும் இயந்திரமும் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2022 மேயில் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. இவர்கள் தற்காலிகப் பாஸில் இருப்பவர்கள். மனைவி மக்களைக் கொண்டுவர முடியாது, இங்கே மணம் முடிக்கவும் அனுமதி இல்லை. ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்கும் நிபுணன் மனைவியோடு வந்து இறங்குகிறான். ஒருவன் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் பாக்கியத்தைச் சம்பளச் சீட்டைக் கொண்டு அளப்பது சரியா என்று கேட்டால், சரியென்று சொல்ல என் நாக்கு வராது. எங்கள் கல்லாவுக்கு எதிரே நின்று, போனில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பருப்புக்கும் மீனுக்கும் காசு எண்ணுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் சட்டத்தில் குறை இருக்கிறது என்பதால் அந்த 2,800 வெள்ளி என் நண்பருடையதாகிவிடுமா? சட்டம் தவறென்றால் சங்கத்தின் மூலம் மகஜர் கொடுக்கலாம், மந்திரியைக் காணலாம். நாவிதர் கடை, ஜவுளிக்கடை, பொற்கொல்லர் கடை ஆகிய மூன்றுக்கும் 2009இல் அடைத்த கதவை 2023இல் ஓரளவு திறந்தார்கள் அல்லவா? கேட்டதால் திறந்தது. கேட்பது ஒரு வழி. எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவது வேறு வழி.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

2023இன் கடைசியில் நானும் ஒரு சமையற்காரனை வரவழைத்தேன், தற்காலிகப் பாஸில். ஒப்பந்தத்தில் மாதம் 2,000 வெள்ளி. அவன் வந்து சேர்ந்த பிறகு, லெவி 1,850 கட்டினேனே, அறை வாடகை கொடுக்கிறேனே என்று கணக்குப் பார்த்தேன். லெவியை முதலாளிதான் ஏற்க வேண்டுமென்று 2018 முதல் விதி, எனக்குத் தெரியாமலில்லை. "மாதம் 400 பிடித்துக்கொள்கிறேன், சம்மதமா?" என்று கேட்டேன். "சரி முதலாளி" என்றான். 1,600 வந்தது அவன் கைக்கு. அப்போதிருந்த குறைந்தபட்சத்துக்கு மேலேதான் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்து மாதம் இப்படி நடந்தது. நோட்டில் கையெழுத்தும் வாங்கினேன். ஆம், நோட்டு! வாங்கும்போது பழைய கதை ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆறாம் மாதம் அவன் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத் தன் பெயரை எழுதுவதைப் பார்த்தேன். அழகான எழுத்து. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் 2,000 வெள்ளியை, பிடித்த 400கள் ஐந்தையும், ஓர் உறையில் போட்டு அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். முகம் வெளிறிவிட்டது. "முதலாளி, நான் ஏதாவது தப்பு செஞ்சுட்டேனா? கணக்கை முடிச்சு ஊருக்கு அனுப்பிடப் போறீங்களா?" என்றான். இல்லையென்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அந்த 400 தேவையே இல்லை, தான் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன், இன்னும் நூறு சேர்த்துப் பிடித்தாலும் சம்மதம் என்றான்.

சகோதரர்களே, அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தபோது அவன் பயந்தான். அப்படியானால் அதற்கு முந்தி அவன் சொன்ன ஐந்து 'சரி'யும் எதிலிருந்து வந்தன? நான் அதைச் சந்தோஷமென்று எடுத்துக்கொண்டேன். எனக்குச் சௌகரியமாயிருந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவன் ஊர்க் கணக்குக்கே அந்தப் பணத்தை அனுப்பிவிட்டு, சீட்டைக் காட்டினேன். அவன் என்னை முன்போல் சாதாரணமாகப் பார்க்க ஒரு மாதம் ஆயிற்று. தே தாரிக்கில் இருபது காசு ஏற்றினேன். இரண்டு மூன்று வாடிக்கைக்காரர் முணுமுணுத்தார்கள். ஒருவர் கடையையே மாற்றிக்கொண்டார். ஏற்றின காசு லெவிக்கும் அறைக்கும் முழுக்கக் கட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அந்த வருஷம் எனக்கு லாபம் குறைவு.

இவ்வளவையும் பிரிஞ்சாங் நண்பரிடம் அன்று மழை விடும்வரை சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "உங்களுக்கு ஒரு கடை, எனக்கு இரண்டு" என்றார். அதுவும் ஒரு பதில்தான். பையனுடைய அத்தாவுக்கு நான் போன் பேச முடியாதென்றும், பேசினால் இதையெல்லாம் சொல்லுவேனென்றும் சொன்னேன். உறையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஸலாம் சொல்ல மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தானா ராத்தாவில் சந்தித்தோம். ஹாபுப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர், பெரிய ஓட்டலொன்றில் பன்னிரண்டு வருஷம் சமைத்தவர், முன்பு ஒரு முறை இவரிடம் வேலை கேட்டு வந்தாராம். 3,200 வெள்ளி கேட்டாராம். "அதிகம் கேட்கிறான் என்று அனுப்பிவிட்டேன்" என்றார் நண்பர். சற்றுப் பேசாமலிருந்துவிட்டு, "நான் பேப்பரில் எழுத இருந்தது 5,000" என்றார். அந்த ஆளுடைய டெலிபோன் நம்பர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப் பையைத் தடவினார். கடையில் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.

வஸ்ஸலாம்.